கருவாட்டு மணல்

என் கணவருக்கு இரக்கம் வந்தால் எனக்குப் பயம் பிடிக்கும். ஊரில் மற்ற ஆண்கள் குடித்துவிட்டு வந்து வீட்டைக் குழப்புவார்கள். இவர் இரக்கப்பட்டுவிட்டு வந்து குழப்புவார். அன்று காலை ஏழு மணிக்குப் படகைக் கரையில் ஏற்றியபோதும் அந்த முகத்தோடுதான் நின்றார். எட்டிப் பார்த்தேன். மீன் இல்லை. மல்லாந்தபடி ஒரு பேராமை கிடந்தது. உயிரோடு.

“உதை ஏன் ஏத்திக்கொண்டு வந்தனீங்கள்?” என்று கேட்டேன்.

“வான் வாசலிலை மிதந்துகொண்டு கிடந்தது. வலை சுத்திக் கிடக்கு. விட்டா தாண்டு போகும்.”

“தாண்டா கடலிலை தாழட்டும். இண்டைக்குப் பாத்து எங்கடை கரையிலையோ வந்து சாகவேணும்?”

இதைச் சொன்னது நான்தான். கல்நெஞ்சுக்காரி என்று நினைக்க முன்னர், அன்றைக்கு என்ன நாள் என்று கேட்டுவிடுங்கள்.

எங்களது வடமராட்சிக் கரையில் ஒரு சின்ன ஊர். கடலுக்குள் நீளத்துக்குப் பவளப்பார். அதை உடைத்துப் படகு வந்துபோக ஒரு வழி வைத்திருக்கிறார்கள், அதற்குப் பெயர் வான். வானுக்கு மேற்கே படகுகள் நிற்கும். கிழக்கே அரை மைல் வெறும் மணல். அந்த மணலில்தான் எங்கள் ஊர்ப் பெண்கள் ஏழு பேர் கருவாடு காயப்போட்டுப் பிழைக்கிறார்கள். அதே மணலில்தான் ஆமைகளும் ஏறி வந்து முட்டையிடுகின்றன. கருவாட்டு வாசத்துக்கு நாய் வரும். வந்த நாய் முட்டையைத் தோண்டும். போன வருஷம் ஒன்பது கூடுகளைத் தோண்டித் தின்றுவிட்டன. மணலுக்குக் கம்பிவேலி போட்டு, ஆமை வருகிற ஆறு மாதமும் ஆளையும் நாயையும் உள்ளே விடாமல் செய்யப்போகிறோம் என்று வனசீவராசிப் பகுதியில் இருந்து வந்து சொன்னார்கள். பொய்க் காரணம் இல்லை. ஆனால் வருஷத்தில் ஆறு மாதம் அந்த ஏழு பேரும் என்ன செய்வது?

மாதர் சங்கச் செயலாளர் நான். பிரதேச செயலகத்தில் எழும்பி நின்று, மேசையில் தட்டி, நாங்களே காவல் பார்க்கிறோம் என்று சொல்லிவிட்டு வந்தேன். மூன்று மாதம் தவணை தந்தார்கள். அந்த மூன்று மாதத்தில் எங்கள் ஊர் நாயாலோ எங்கள் ஊர் வலையாலோ ஒரு ஆமைக்கோ ஒரு முட்டைக்கோ சேதம் வரக்கூடாது. வந்தால் வேலி. பெண்கள் முறை வைத்து, தடியோடு மணலில் காவல் இருந்தார்கள். ஒரு கூடுகூடப் போகவில்லை. அன்றைக்குத் தவணையின் கடைசி நாள். பின்னேரம் இரண்டு மணிக்குக் கூட்டம். ஏழு மணிக்கு இவர் ஆமையோடு வந்து நிற்கிறார்.

ஆமையின் முன்கையில் வலை புதைந்து கிடந்தது. பாசியும் சேறும் பிடித்து, வலையா சதையா என்று தெரியாத அளவுக்கு இறுகியிருந்தது. இவர் மடியில் இருந்து கத்தியை எடுத்தார்.

“கத்தியை வையுங்கோ!” என்று கத்தினேன். “உதை இழுத்து வெட்டினா ரத்தம் பாய்ஞ்சு இஞ்சையே செத்துப்போகும். பிறகு ஆர் கொண்டதெண்டு சொல்லுறது?”

“வலையை மட்டும் கொஞ்சம்...”

“ஒண்டையும் தொடவேண்டாம். டொக்டர் பாத்து வெட்டட்டும்.”

அவர் கத்தியை வைக்கவும் இல்லை, வெட்டவும் இல்லை. இந்த மனிதருக்கு எதிலும் ஒரு இழுபறி என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதற்குள் நிரோஜா வந்துவிட்டாள்.

நிரோஜாவுக்கு இருபத்தொன்பது வயது. புருஷன் போனவன் போனவன்தான். இரண்டு பிள்ளைகளும் கருவாடும்தான் அவளுக்கு மிச்சம். காவல் முறையில் மற்றவர்கள் ஒரு நாள் இருந்தால் அவள் இரண்டு நாள் இருப்பாள். அன்று சூடை மீன் காயப்போடச் சாக்குகளோடு வந்தவள் ஆமையைக் கண்டதும் சாக்குகளைக் கடலில் நனைத்து அதன் மேல் போட்டாள்.

“அக்கா, இது தப்பும். கண்ணைப் பாருங்கோ. நேசராஜா சேருக்குப் போன் அடிச்சுப் பாத்தீங்களோ?”

நேசராஜா வனசீவராசி உத்தியோகத்தர். உடுப்பிட்டிப் பக்கம், மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்த குடும்பம். வேலியா வேலி இல்லையா என்பது அவர் எழுதுகிற அறிக்கையில்தான் இருக்கிறது. கள்ளம் இல்லாத மனிதர். ஆனால் எழுத்தில் ஒரு புள்ளி பிசகினாலும் திரும்ப எழுதச் சொல்லுவார். மூன்று முறை அடித்தேன். எடுக்கவில்லை.

கரையில் வைத்துக்கொண்டிருந்தால் செத்துப்போகும். திரும்பக் கடலில் விட்டால் நாளைக்குச் செத்து ஒதுங்கும், அதுவும் எங்கள் மணலிலேயே ஒதுங்கும். மிருக வைத்தியரிடம் கொண்டுபோவதென்றால் ஓட்டோவில் அரை மணி நேரம். நிரோஜா ஓடிப்போய் ஓட்டோக்கார வின்சன்றைக் கூட்டிவந்தாள். நாலு பேரும் மூச்சைப் பிடித்துத் தூக்கி ஓட்டோவின் பின்னுக்கு ஏற்றினோம். நானும் இவரும் சீற்றுக்கு மேலே காலை மடக்கிக்கொண்டு இருந்தோம். ஆமை கீழே.

பாதி வழியில்தான் எனக்கு உறைத்தது. காலை நேரம், ஓட்டோ, ஈரச்சாக்கு, அதற்குள் ஆமை. இறைச்சிக்குக் கடத்துகிறவர்கள் வேறு எப்படிக் கொண்டுபோவார்கள்? நாங்கள் ஒன்றும் விடாமல் அப்படியே செய்துவைத்திருந்தோம்.

“வின்சன்ற், மெதுவாப் போ. பாக்கிறவன் சந்தேகப்படுவான்” என்றேன்.

“மெதுவாப் போனாத்தான் அக்கா சந்தேகப்படுவாங்கள். ஓட்டோக்காரன் எப்ப மெதுவாப் போனவன்?”

சந்தியைத் தாண்டியதும் பொலிஸ் நின்றது. கை காட்டினார்கள். வின்சன்ற் ஒரு செபத்தைத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டு பிறேக் போட்டான்.

இளம் கொன்ஸ்ரபிள் ஒருவர் குனிந்து பார்த்தார். சாக்குக்குக் கீழே இருந்து ஆமை நீளமாக ஒரு மூச்சு விட்டது. அவர் பிரம்பால் சாக்கை நீக்கினார். நீக்கியவர் எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இறங்குங்கோ.”

“தம்பி, இது காயப்பட்டது. மிருக டொக்டரிட்டைக் கொண்டுபோறம்” என்றேன்.

“எல்லாரும் டொக்டரிட்டைத்தான் கொண்டுபோறாங்கள்.”

“இறைச்சிக்கெண்டா உயிரோடையோ காலடியிலை வைச்சுக்கொண்டு வருவம்?”

“உயிரோடைதான் கொண்டுபோறவங்கள் அம்மா. அப்பதான் பழுதாகாது.”

இவருடைய பெயர் கனகலிங்கம் என்று, கிராம சேவையாளர் பிரிவு, அடையாள அட்டை இலக்கம் எல்லாம் எழுதினார்கள். இவர் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னார். ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்லவில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. சாக்கு காயத் தொடங்கியது. ஆமை மூச்சு விடுகிற இடைவெளி கூடிக்கொண்டே போனது. முதலில் நான் நூறு வரை எண்ணினேன். அடுத்த முறை இருநூறு தாண்டியும் மூச்சு வரவில்லை.

பக்கத்துக் கடையில் ஒரு வாளி தண்ணீர் வாங்கிக்கொண்டு வந்தேன். கொன்ஸ்ரபிள் குறுக்கே வந்தார்.

“தொடக்கூடாது. சான்றுப்பொருள்.”

“செத்தா உம்மடை சான்றுப்பொருள் மணக்கும். வழியை விடும்” என்று சொல்லி ஊற்றினேன். பாதித் தண்ணீர் அவருடைய சப்பாத்தில் போனது. எனக்குப் பயம். உள்ளே போடுவார்கள் என்ற பயத்தைவிட, இந்தச் செய்தி இரண்டு மணிக்கு முன்னர் கூட்டத்துக்குப் போய்விடும் என்ற பயம். ஆமை கடத்தியதற்குச் செயலாளரும் புருஷனும் பிடிபட்டார்கள் என்றால் மணலைப் பற்றி வாயே திறக்க முடியாது.

அப்போதுதான் போன் அடித்தது. நேசராஜா. மோட்டார் சைக்கிளில் வந்ததால் எடுக்கவில்லையாம். நான் சொன்னதை அவர் முழுக்கக் கேட்கவில்லை.

“ஆமையிலை வெயில் படாமல் பாத்துக்கொள்ளுங்கோ. வாறன்” என்றார்.

இருபது நிமிடத்தில் வந்தார். எங்களோடு பேசவில்லை. நேரே போய்க் குனிந்து ஆமையின் கழுத்தடியைத் தொட்டுப் பார்த்தார். கண் இமையை விரலால் தடவினார். பிறகு கொன்ஸ்ரபிளைத் தள்ளிக் கூட்டிக்கொண்டு போய் ஏதோ கதைத்தார். திரும்பி வந்து, “ஏறுங்கோ. நான் முன்னுக்குப் போறன், பின்னாலை வாங்கோ” என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கத்தைப் பார்க்காமல் அழுதேன்.

மிருக வைத்தியர் நிவேதனா சின்னப் பிள்ளை. ஆனால் கை உறுதியான கை. ஆமையை மேசையில் ஏற்றி, ஊசி போட்டு, வலையை ஒரு கண்ணி ஒரு கண்ணியாக வெட்டினார். கை தப்பாது, உயிர் தப்பும் என்றார். வெட்டிய வலையை ஒரு பேசினில் போட்டு, சேற்றைக் கழுவச் சொல்லி என்னிடம் தந்தார். நேசராஜா அதைப் படம் எடுக்க வேண்டுமாம்.

கழுவினேன். பாசி போனது. சேறு போனது. மேல்கயிற்றின் மூலை வெளியே வந்தது. கயிற்றோடு சேர்த்து முறுக்கிய ஒரு மஞ்சள் சேலைத் துண்டு. அதில் மூன்று முடிச்சு.

எங்கள் கரையில் ஒவ்வொரு வீட்டு வலைக்கும் மூலையில் ஒரு அடையாளம் இருக்கும். வீட்டுப் பெண்ணின் பழஞ்சேலையில் ஒரு துண்டு கிழித்து, அவளே முடிச்சுப் போட்டுக் கொடுப்பாள். கடலில் வலை அறுந்து போனால், கண்டெடுத்தவன் முடிச்சைப் பார்த்து அந்த வீட்டில் கொண்டுவந்து தருவான். முடிச்சை வைத்துப் பெண்ணையே சொல்லிவிடுவார்கள். மஞ்சள் சேலையில் மூன்று முடிச்சென்றால் நாகேஸ்வரி, அதாவது நான். வேறு ஆள் கிடையாது.

நிமிர்ந்து இவரைப் பார்த்தேன். இவர் நிலத்தைப் பார்த்தார். எங்கள் வலை என்று கடலிலேயே கண்டிருக்கிறார். கரையில் கத்தியை எடுத்தது ஆமைக்காக இல்லை, அந்த மூலைக்காக. நான்தான் கத்திக் கெடுத்தேன்.

பொங்கலுக்கு முதல் வாரம் வீட்டு வளவைத் துப்புரவாக்கினோம். கிழிந்த வலை ஒன்று மூலையில் கிடந்து நாறிக்கொண்டிருந்தது. பழைய வலையைச் சங்கக் கொட்டிலில் ஒப்படைக்க வேண்டும், கடலில் போடக்கூடாது என்பது காவல் விதிகளில் நாலாவது. அதை எழுதியவள் நான். அன்றைக்குக் கொட்டில் சாவி வைத்திருந்தவர் ஊரில் இல்லை. எனக்கோ பொங்கலுக்கு வளவு துப்புரவாக வேண்டும். “எங்கையாவது கொண்டுபோய்ப் போடுங்கோ” என்று இவரிடம் சொன்னேன். எங்கே போட்டீர்கள் என்று பிறகு கேட்கவே இல்லை. கேட்டால் தெரிந்துவிடும் என்றுதான் கேட்கவில்லை. இப்போது யோசித்தால் அது எனக்கு அப்போதே தெரியும்.

நேசராஜா பக்கத்தில் வந்து நின்றார். வலையைப் படம் எடுத்தார். சேலைத் துண்டு அவருக்கு வெறும் சேலைத் துண்டு. கடதாசியை எடுத்து வைத்து எழுதத் தொடங்கினார்.

“உது எங்கையிருந்தோ மிதந்து வந்த வலை போலை கிடக்கு” என்றார். “சொந்தக்காரர் தெரியாது எண்டு போடுறன். அப்ப உங்கடை காவலிலை ஒரு பிழையும் இல்லை. மணல் திறந்து கிடக்கட்டும் எண்டுதான் நானும் எழுதப்போறன்.”

இவர் என்னைப் பார்த்தார். வாயை மூடு என்று கண்ணாலேயே சொன்னார். நானும் மூடிக்கொண்டுதான் நின்றேன். ஒரு நிமிடம் அப்படியே நின்றேன். அந்த ஒரு நிமிடத்தில் மணல் எங்கள் கையில் இருந்தது.

அதோடு விட்டிருக்கலாம். அந்த மனிதர் நல்ல மனதோடு இன்னும் ஒரு வசனம் சொன்னார்.

“உண்மையாச் சொல்லுறன் அம்மா, உங்களைப் போலை ஊருக்கு ஒராள் இருந்தா எங்களுக்கு வேலையே இல்லை. இதையும் அறிக்கையிலை எழுதுவன்.”

என்னால் முடியவில்லை. மேசையில் அந்த ஆமை ஒரு கை இல்லாமல் போகப்போகிறது, எனக்கு அறிக்கையில் பாராட்டு. உடம்பெல்லாம் கூசியது. இதை நேர்மை என்று சொல்ல மாட்டேன். அந்தக் கூச்சத்தில் இருந்து தப்பி ஓடினேன், அவ்வளவுதான்.

“சேர், அது எங்கடை வலை. என்ரை முடிச்சு அது.”

நேசராஜாவின் பேனை நின்றது. நிவேதனாகூட நிமிர்ந்து பார்த்தார்.

“நான் கேக்கேல்லையே அம்மா” என்றார் நேசராஜா. கோபமாகச் சொல்லவில்லை. கெஞ்சுகிற குரலில் சொன்னார்.

“வழக்குப் போடுறதெண்டா என்னிலை போடுங்கோ. போடச் சொன்னது நான். இவரிலை பிழையில்லை.”

அந்த நேரத்தில் எனக்குள் ஒரு வீறு இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். தண்டம் கட்டலாம், சிறைக்கும் போகலாம் என்று நிமிர்ந்து நின்றேன். அவர் எழுதியதை வெட்டிவிட்டுத் திரும்ப எழுதினார்.

“உங்களிலை என்னத்துக்கு வழக்கு? காப்பாத்திக் கொண்டுவந்தனீங்கள். உண்மையையும் சொன்னனீங்கள். அதை அப்பிடியே எழுதுவன், பொலிஸும் விட்டிடும்.” கொஞ்சம் நிறுத்தினார். “ஆனா வலை ஊர் வலை. நிபந்தனை உங்களுக்குத் தெரியும்.”

“சேர், அந்தப் பெண்டுகள் என்ன செய்ததுகள்? ஒரு நாளும் காவல் தவறேல்லை. ஒரு கூடு போகேல்லை.”

“தெரியும். செயலாளர் வீட்டு வலையே கடலிலை கிடந்தா, இன்னும் எத்தினை வீட்டு வலை கிடக்கோ? நாளைக்கு என்னை ஒருத்தன் கேட்டா, நான் ஆரை நம்பி எழுதினனான் எண்டு சொல்லுறது?”

நியாயத்தை என் பக்கம் இழுக்க எனக்கு ஒரு நூல்கூட அகப்படவில்லை.

கூட்டம் இருபது நிமிடத்தில் முடிந்தது. கிழக்கு மணலுக்குத் திங்கட்கிழமை வேலி. ஆறு மாதத்துக்கு ஆள் நடமாட்டம் இல்லை. படகு நிற்கிற மேற்குப் பக்கத்துக்கு எந்தத் தடையும் இல்லை. வானும் திறந்தே இருக்கும். வரும்போது ஓட்டோவில் இவர் ஒரு முறைதான் வாய் திறந்தார்.

“கடலிலையே வெட்டி எறிஞ்சிருப்பன். தனிய நிண்டு ஏத்தினதே பெரும்பாடு. கரைக்கு வந்து பாப்பமெண்டால், நீ விடேல்லை.”

எனக்கு வேறொரு கணக்கு மனதில் ஓடிக்கொண்டிருந்தது. இவருடைய படகு நின்ற இடத்தில் நிற்கும். நாளைக்கும் இவர் கடலுக்குப் போவார். எங்கள் வீட்டில் உலை கொதிக்கும். வழக்கும் இல்லை, தண்டமும் இல்லை. தண்டனைக்கு நிமிர்ந்து நின்ற எனக்கு ஒரு சதமும் போகவில்லை.

வீட்டுக்கு வந்தபோது நிரோஜா வாசற் படலைக்கு உள்ளே நின்றாள். மற்ற ஆறு பேருக்கும் செய்தி போய்விட்டது. அவர்கள் யாரும் வரவில்லை.

“ஆமை தப்பிச்சுதோ அக்கா?” என்றுதான் முதலில் கேட்டாள்.

“ஓம். ஒரு கை போயிடும். உயிருக்குப் பயமில்லை.”

“அது போதும்” என்றாள். உண்மையாகவே அவள் முகம் ஒரு கணம் தெளிந்தது. பிறகு கேட்டாள், “சேர் துருவித் துருவிக் கேட்டவரோ, ஆரின்ரை வலையெண்டு?”

பொய் சொல்லியிருக்கலாம். அன்றைக்கு உண்மை சொல்லிக் களைத்துப்போன வாய்தான். ஆனாலும் வந்துவிட்டது.

“இல்லை. அவர் கேக்கேல்லை. சொந்தக்காரர் தெரியாதெண்டு எழுதிப்போட்டார். நானாத்தான் சொன்னனான்.”

நிரோஜா கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தினால் நானும் அழுது, மன்னிப்புக் கேட்டு, ஏதாவது ஒரு வழியில் முடிந்திருக்கும்.

“உங்களுக்கு மனம் கேக்கேல்லை. விளங்குது” என்றாள். “நான் அதைப் பிழையெண்டு சொல்லேல்லை. ஆனா மணல் எங்கடை ஏழு பேரின்ரை. நீங்கள் கருவாடு போடுறேல்லை. அதை விட்டுக்குடுக்க முந்தி எங்களிலை ஒராளுக்கெண்டாலும் ஒரு போன் அடிச்சுக் கேட்டிருக்கலாமெல்லோ அக்கா?”

அது எனக்குத் தோன்றவே இல்லை. மூன்று மாதமாக அவர்களுக்காகக் கதைத்துக் கதைத்து, அவர்களிடம் கேட்க வேண்டும் என்பது எனக்கு மறந்தேவிட்டது. நின்ற இடத்திலேயே குறுகிப்போனேன்.

“கேட்டிருந்தா நீ என்ன சொல்லியிருப்பாய், நிரோ?”

அவள் படலையைத் திறந்துகொண்டு வெளியே இறங்கினாள்.

“அது இனி உங்களுக்கு ஏன்?” என்று சொல்லிவிட்டுப் போனாள்.